ஆர்.சி.ஏ பிளக்: மாமா கொண்டுவந்த வெள்ளி ஏன் கறுத்தது?

கேள்வி: அண்ணே, எங்கள் வீடு அருமனைக்குப் பக்கம், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். வேலை திருவனந்தபுரத்தில், தினமும் போய்வருகிறேன். அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளைக் கேட்க ஒரு டர்ன்டேபிள், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் போனோ ப்ரீஆம்ப், ஒரு சிடி பிளேயர், பழைய ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருக்கிறேன். மழை பிடித்தால் இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது, சில நேரம் உம்மென்று இரைகிறது. ஆம்புக்குப் பின்னால் கையை விட்டு பிளக்கை ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். 2 வருஷம் முன்னால் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த, வெள்ளி முலாம் பிளக் போட்ட கேபிள் அது. ஒரே வருஷத்தில் கறுத்துப் போனது. இப்போது ஒரு கடையில் 24 காரட் தங்க முலாம் போட்ட கேபிள் ஜோடி 4,500 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, நல்ல பிளக் வாங்கி நானே ஈயம் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, அந்த 4,500 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். திருகினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் என்ன என்பது அதிலேயே வந்துவிட்டது. கேபிளுக்குள் இருக்கும் செம்பில் குற்றமில்லை. நடுவில் ஒரு பின், சுற்றிலும் ஒரு வளையம் என்றிருக்கும் உங்கள் ஆர்.சி.ஏ பிளக்கின் வெளி வளையம் சாக்கெட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை, இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் களிம்பு ஏறியிருக்கிறது, பெரும்பாலும் இரண்டும்தான். இதைத் தீர்க்கிற பிளக் எதுவோ அதுதான் உங்களுக்கு நல்ல பிளக். அது தங்க நிறத்தில் மின்னினாலும் சரி, அலுமினியச் சட்டி நிறத்தில் இருந்தாலும் சரி.

ஆனால் எதையும் வாங்கும் முன் 5 நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு, ஆம்ப் பக்கம் மட்டும் இடது வலது பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றம் கேபிளிலோ அதற்கு முன்னால் உள்ள பெட்டியிலோ இருக்கிறது. இடதிலேயே நின்றால் ஆம்பில். போன வருஷம் குழித்துறையிலிருந்து ஒருவர் 3 கேபிள் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய் ஆம்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். திறந்து பார்த்தால், உள்ளே போர்டில் சாக்கெட்டின் எர்த் காலில் வைத்த ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருக்கிறது, தலைமுடி அளவுக்கு. வெளியே எந்தத் தங்கத்தைச் செருகினாலும் அங்கே போய் நின்றுவிடும். புதுசாக ஈயம் வைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் வேலை. உங்கள் ஆம்பும் பழையது, அதனால் இதை முதலில் பாருங்கள்.

சரி, கேபிள் பக்கம்தான் குற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ஆர்.சி.ஏ பிளக் பிறந்த கதையே கொஞ்சம் கோணல். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி, ரெக்கார்டு பிளேயரை ரேடியோப் பெட்டியோடு சேர்க்க மலிவாகச் செய்த சாமான் இது. கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள்தான் பிளக்கின் பெயர். அடிக்கடி கழற்றி மாட்டுவார்கள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. நடுப் பின் நீளம், வெளி வளையம் குட்டை. அதனால் செருகும்போது சிக்னல் முதலில் தொடுகிறது, எர்த் பிறகுதான் வந்து சேர்கிறது. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஓர் உறுமல் வருமே, அது இதனால்தான்.

நடுப் பின்னில் பாட்டு போகிறது என்பதால் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே. உண்மையில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆம்பின் இன்புட் பொதுவாக 10,000 முதல் 47,000 ஓம் வரை தடை உள்ளது, அதற்கு முன்னால் பின்னில் அரை ஓம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. வெளி வளையம் அப்படியல்ல. சிடி பிளேயர், ப்ரீஆம்ப் இவற்றின் பவர் சப்ளையிலிருந்து கசிகிற சின்ன மின்னோட்டம் கேபிளின் ஷீல்டு, அதாவது நடு வயரைச் சுற்றிய கம்பி வலை, அதன் வழியாகத்தான் ஆம்புக்குப் போய்ச் சேருகிறது. அது கால் மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். வளையம் இறுக்கமாக இருந்து அங்கே தடை 0.02 ஓம் என்றால் எழும் இரைச்சல் 5 மைக்ரோவோல்ட், காதுக்கு எட்டாது. களிம்பேறி 2 ஓம் ஆகிவிட்டால் அதுவே அரை மில்லிவோல்ட், 100 மடங்கு. ப்ரீஆம்ப் தருவதே அரை வோல்ட்டைச் சுற்றித்தான். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாத்தியம் அடங்குகிற இடத்தில் அந்த உம் தலைகாட்டும். வளையம் முழுக்க விட்டுப்போனால் பாட்டே கேட்காது, உறுமல்தான். நீங்கள் திருகும்போது வளையம் உரசிக் களிம்பைக் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது, நாலு நாள் ஓடும், அடுத்த மழைக்கு மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

ஆகவே கடையில் பிளக்கைக் கையில் எடுத்ததும் வெளி வளையத்தைப் பாருங்கள். ஒழுங்கான பிளக்கில் வளையம் இதழ் இதழாகக் கீறியிருக்கும், இதழ்களுக்கு ஸ்பிரிங் மாதிரி விறைப்பு இருக்கும். பழைய சாக்கெட் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் செருகிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நல்ல எவர்சில்வர் டப்பா மூடி போல வழுக்கிக்கொண்டு ஏறி, ஏறியதும் ஆடாமல் நிற்க வேண்டும். இழுத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வர வேண்டும். இடுக்கி கேட்கிற அளவு இறுக்கமும் ஆகாது. திருகிப் பூட்டுகிற மாடல்கள் உண்டு, பிடிப்பில் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் பூட்டைத் தளர்த்த மறந்து இழுத்தால் சாக்கெட்டே கையோடு வந்துவிடும். குழித்துறைக்காரர் ஆம்பில் விரிசல் விழுந்த காரணம் அதுதான் என்று என் ஊகம். பழைய ஆம்புக்குப் பூட்டுப் பிளக் வேண்டாம்.

இன்னொரு சோதனை காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டு ஒன்றை பிளக்கில் வைத்துப் பாருங்கள். டக்கென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்புத் தகடு, மேலே மஞ்சள் பூச்சு. நம் பக்கம் மழை இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கினால் ஐப்பசி தாண்டியும் ஈரம் விடுவதில்லை, பூச்சு கொஞ்சம் தேய்ந்த இடத்தில் துரு கிளம்பிவிடும். லேசாக இழுத்தால் பரவாயில்லை, நிக்கல் பூச்சும் கொஞ்சம் காந்தத்துக்கு இழுபடும். நிக்கல் இல்லாத வெறும் பித்தளை என்றால் இழுக்கவே இழுக்காது.

இப்போது உங்கள் வெள்ளி விவகாரம். மின்சாரம் கடத்துவதில் வெள்ளிதான் முதல், செம்பைவிட 5, 6 சதவீதம் கூட. அடுத்தது செம்பு. தங்கம் செம்பில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். பித்தளை கால் பங்குக்குச் சற்று மேல். அப்படியென்றால் எல்லோரும் தங்கத்தைப் பூசுவது எதற்கு? தங்கம் காற்றோடு சண்டை போடாது, களிம்பு ஏறாது, அவ்வளவுதான் அதன் பெருமை. வெள்ளிக்குக் கந்தகத்தைக் கண்டால் ஆகாது, வெள்ளி சல்ஃபைடு என்கிற கறுப்புப் படலமாகிவிடும். உங்கள் ஊரில் தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது பூஞ்சை நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள், தோட்டம் முழுக்க மஞ்சள் புகையாகக் கிடக்கும். ஜன்னல் வழியாக அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் வரும். மாமாவின் பிளக் கறுத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். துபாயில் அந்தப் பிளக் நன்றாகத்தான் இருந்திருக்கும். ரப்பருக்கு நடுவில் குடியிருப்பவர்கள் வெள்ளி முலாமை ஆசைக்குக்கூட வாங்கக் கூடாது என்பேன்.

24 காரட் என்று சொல்லி விற்கிறார்களே, அதிலும் ஒரு விஷயம். 916 நகையை ஏன் முழுத் தங்கத்தில் செய்வதில்லை என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள்: சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், தேயும். பிளக்கிலும் அதே கதை. தரமான பிளக்குகளில் கொஞ்சம் கோபால்ட்டோ நிக்கலோ கலந்து கெட்டிப்படுத்திய தங்கம் பூசுகிறார்கள், அதற்கு அடியில் நிக்கல் ஒரு படுகை. அந்த நிக்கல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊறி மேலே வந்து கறுக்கும். பூச்சின் கனமும் முக்கியம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உழைக்கிற பூச்சு முக்கால் மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் வரை, பெயருக்குப் பூசினது பத்தில் ஒரு மைக்ரான் கூட வராது. பத்துத் தடவை கழற்றி மாட்டினால் அடியில் வெள்ளை தெரியும். காரட்டைச் சொல்கிற கடைக்காரரிடம் மைக்ரான் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம். ஆம்பின் சாக்கெட் வெறும் தகரப் பூச்சு என்றால் தங்கப் பிளக் போடுவதும் நல்லதில்லை, தங்கமும் தகரமும் ஒன்றையொன்று உரசிக் களிம்பு சீக்கிரம் ஏறும். நிக்கல் சாக்கெட்டுக்கு நிக்கல் பிளக்கோ கனமான தங்கமோ, எதுவும் சரி.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள். நான் அதிகம் போடுவது ரீன் பிளக். அது நியூட்ரிக் கம்பெனியின் மலிவு வரிசை, வேலை சுத்தம். சிகாகோவின் ஸ்விட்ச்கிராஃப்ட் பிளக்குகள் பார்க்க அழகில்லை, ஆனால் பல வருஷம் உழைக்கும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் நியூட்ரிக்கின் புரோஃபி. அதில் வெளி வளையம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், செருகும்போது எர்த் முதலில் தொட்டுவிடும், நான் மேலே சொன்ன பிறவிக் கோணலை நிமிர்த்திய பிளக் அது. அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்களுக்கு அது அருமை, மாட்டிவிட்டு மறக்கிற வீட்டுக்கு அவசியமில்லை. போலியும் ஏராளமாக ஓடுகிறது, அதனால் ஆன்லைனில் பாதி விலைக்குக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

பிளக் வாங்கக் கேபிளின் பருமனை அளக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். பிளக்கின் பின்பக்க ஓட்டை 6 மில்லிமீட்டர் என்றால் 7 மில்லிமீட்டர் கேபிள் எப்படி நுழையும்? 4 மில்லிமீட்டர் கேபிள் என்றால் கவ்வுகிற கிளாம்ப் கவ்வாது, இழுவை முழுக்க ஈயத்தில் விழும், 6 மாசத்தில் அறுந்துவிடும். டிஷ் டிவிக்கு ஓட்டின கேபிள் மிச்சம் கிடக்கிறது, அதில் போடலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அதன் வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. செம்பு வலை நெருக்கமாகப் பின்னிய ஷீல்டு வயர் வாங்குங்கள். மேலே சொன்ன கசிவு கணக்கில் வலையின் தடையும் சேரும், எனவே வலை எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது.

நீங்களே ஈயம் வைக்கலாமா என்றால், தாராளமாக. 60/40 ரோசின் கோர் ஈயம் (60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்து, உள்ளே பிசின் வைத்தது), சால்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர், இது போதும். கடையில் டப்பாவில் விற்கிற அமிலப் பேஸ்ட் மட்டும் வேண்டாம், பைப் வேலைக்கானது அது, நாளாக நாளாக வயரை அரிக்கும். 25 வாட் அயர்ன் நடுப் பின்னுக்குப் போதும். எர்த் தகடு தடியாக இருந்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே 50, 60 வாட்டில் அகல முனையை வைத்து 3 நொடியில் வேலையை முடிப்பதுதான் நல்லது, சின்ன அயர்னால் அரை நிமிஷம் வேகவைத்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகி நடுப் பின் கோணிவிடும். டெஃப்ளான் இன்சுலேஷன் உள்ள பிளக் என்றால் இந்தப் பயம் குறைவு, அது உருக 327 டிகிரி ஆகும், ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும்.

முதலில் பிளக்கின் மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், 25 வருஷமாகக் கடை வைத்திருக்கிற நான் போன வாரமும் மூடியைக் கோக்க மறந்து, அழகாக வைத்த ஈயத்தை உருக்கி மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி, அந்தச் சாக்கெட்டை மரக்கட்டையில் திருகி வையுங்கள். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடைத்த மாதிரி இருக்கும், சூட்டில் பின் நகர்ந்தாலும் நேராகவே ஆறும். வலையை முறுக்கி ஒரு பக்கமாக ஒதுக்கி, அதற்கும் நடு வயருக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிக்கொண்டு, பிறகு பிளக்கில் வைத்துச் சூடு காட்டினால் இரண்டு ஈயமும் ஒன்றாக ஓடிக் கலக்கும். அந்த நொடியில் அயர்னை எடுத்துவிட்டு, ஆறும்வரை மூச்சுக்கூட விடாமல் பிடித்திருங்கள். ஆடினால் ஈயம் மங்கலாக, பொரிப் பொரியாக உறையும். நல்ல ஒட்டு வயரைச் சுற்றிச் சரிந்து இறங்கி மின்னும், உருண்டையாகப் பந்து மாதிரி நிற்காது. வலையில் ஒரே ஒரு இழை தப்பி நடுப் பின்னைத் தொட்டாலும் அந்தப் பக்கம் ஊமை, அதனால் மூடியைத் திருகும் முன் மீட்டரை வைத்து, கேபிளை வளைத்து ஆட்டிப் பாருங்கள்.

சாக்கெட்டுகளைச் சுத்தம் செய்யாமல் புதுப் பிளக்கைச் செருகாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும், பட்ஸில் தொட்டுத் துடைத்து, பிளக்கைப் பத்துத் தடவை செருகிச் செருகி எடுங்கள். அழிரப்பர் போட்டுத் தேய்த்தால் மெல்லிய தங்கம் அதோடு போய்விடும். பளுகலிலிருந்து ஒரு பெரியவர் கரகரப்புக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார். தூசியெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டுக்குள் பிண்ணாக்கு மாதிரி இருந்தது.

இனி, காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் எங்கே என்று சொல்கிறேன். சிடி பிளேயரில் 2 வோல்ட் வருகிறது, அந்தக் கேபிள் சுமாராக இருந்தாலும் தள்ளிவிடும். டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்புக்குப் போகிற கேபிளில் ஓடுவது 5 மில்லிவோல்ட்டைச் சுற்றித்தான், 400 பங்கில் ஒன்று. போதாததற்கு, தட்டில் அடித்தொனியைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், அதை ஈடுகட்ட ப்ரீஆம்ப் அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கிறது. நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில், நடுத்தொனியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 7 மடங்கு. அங்கே ஒரு நூலளவு பிசகினாலும் உம் என்று கேட்கும். எனவே இருக்கிற நல்ல பிளக்கை முதலில் அங்கே போடுங்கள். டர்ன்டேபிளின் தனி எர்த் வயர் ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி நாள் குற்றம் அதில்தான்.

கேபிள் எது என்பது காதுக்குத் தெரிகிற இடமும் அது ஒன்றுதான். எல்லாக் கேபிளிலும் கொஞ்சம் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், உண்டு, மீட்டருக்கு 100 பிகோஃபாரட் சுற்றிவர. சிடி பிளேயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்குகிற காந்த கார்ட்ரிஜ், கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து எவ்வளவு பாரம் ஏற்றுகின்றன என்பதைப் பார்த்துத் தன் உச்சத்தொனியை மாற்றிக்கொள்ளும். பலர் வைத்திருக்கிற ஆடியோ டெக்னிக்கா விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை என்று கம்பெனியே சொல்கிறது. ப்ரீஆம்பே 100 எடுத்துக்கொண்டால் மிச்சம் 100தான். அங்கே ஒன்றரை மீட்டர் தடித்த கேபிளைப் போட்டால் 'ஸ', 'ச' எல்லாம் கூராகக் குத்தும். முக்கால் மீட்டர் போதும் என்றால் முக்கால் மீட்டரே வெட்டுங்கள். நல்ல பிளக் 4, ஷீல்டு வயர் 2 மீட்டர், இவ்வளவுக்கும் சேர்த்து அந்த 4,500-இல் சிறு பங்குதான் ஆகும்.

மாமாவின் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறுத்தது பிளக்தான், உறைக்குள் இருக்கும் வயர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 4 பிளக்கையும் நறுக்கி எறிந்துவிட்டு, நுனியைச் சீவிப் பாருங்கள். இழைகள் கறுப்பாகத் தெரிந்தால் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி வெட்டுங்கள், பளபளப்பு வருகிற இடத்தில் நிறுத்திப் புதுப் பிளக்கை வையுங்கள்.